மாமரக் கொப்பில் குளவிக்கூடு

ஆரையம்பதியில் எங்கட குசினிக்குப் பின்னால் நிற்கும் மாமரத்தில், தேங்காய் அளவில் சாம்பல் நிறக் கூடொன்றைக் கண்டேன். முதலில் தேன்கூடு என்றே நினைத்தேன். கிட்டப் போகாமல் அரை மணித்தியாலம் பார்த்தேன். தேன்கூட்டில் மெழுகு அடைகள் வெளியே தெரியும். இதுவோ கடதாசி போன்ற உறை, ஒரே வாசல். வந்துபோனவை கறுப்புக் குளவிகள், வயிற்றில் மட்டும் அகலமான மஞ்சள் பட்டி. சுவரில் களிமண் கூடு கட்டும் தனிக் குளவி வேறு, அது பாவம், அதை நான் கலைப்பதில்லை.

பக்கத்து வீட்டு அண்ணன் பந்தம் கொளுத்துவோம் என்றார். நான் மறித்தேன். கூரை அருகில், வீட்டில் பிள்ளைகள். ஒன்றை நசுக்கினாலும் அதன் வாசம் மற்றவற்றைக் கிளப்பிவிடும். தேனீபோல் கொடுக்கை இழக்காது, திரும்பத் திரும்பக் கொட்டும்.

மறுகா, இதில் பழகிய ஒருவரைக் கூப்பிட்டோம். எல்லாம் கூட்டுக்குள் அடங்கிய இரவில், சிவப்புத் தாள் சுற்றிய டோர்ச்சோடு, உடம்பை முழுக்க மூடி வந்தார். வாசலில் பூச்சிமருந்து அடித்து, சாக்கால் மூடிக் கட்டி, கொப்போடு வெட்டி இறக்கினார்.

அதற்கு முதல் நாள் எனக்குக் கையில் ஒரு கொட்டு. சவர்க்காரம் போட்டுக் கழுவி ஐஸ் வைத்தேன், வீக்கம் இறங்கியது. மூச்சு முட்டினாலோ முகம் வீங்கினாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.