புதுக் கார் பழுதானால் கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டக் குடும்பங்களில் புதுக் கார் வாங்குவது, பெரும்பாலும் கணவன் மனைவி இருவரின் சம்பளத்தையும் நம்பி ஒன்பது ஆண்டுத் தவணைக்குக் கையெழுத்துப் போடும் காரியமாகும். அப்படி வாங்கிய வண்டி ஒரு மாதம் ஆகுமுன்பே ஈப்போ சாலையில் நின்றுவிட்டால், "வாரண்டி இருக்கிறது, கொண்டு வாருங்கள்" என்ற பதிலோடு நம்மவர்கள் அடங்கிவிடுகிறார்கள். வாரண்டி என்பது தயாரிப்பாளர் தாமாகக் கொடுக்கும் வாக்குறுதி மட்டுமே. சட்டம் நமக்குத் தரும் உரிமை அதனினும் பெரியது. வாரண்டிப் புத்தகத்தில் என்ன அச்சிட்டிருந்தாலும் அந்த உரிமையைப் பறிக்க முடியாது.

1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32ஆவது பிரிவின்படி, விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். அதாவது, அது எதற்காக வாங்கப்படுகிறதோ அதற்குப் பயன்பட வேண்டும்; பாதுகாப்பாகவும் நீடித்து உழைப்பதாகவும் சிறு குறைகள்கூட இல்லாததாகவும் இருக்க வேண்டும். விலையையும் விற்பவர் சொன்ன சொற்களையும் கருத்தில் கொண்டே இது அளக்கப்படும். குறை சரிசெய்யக்கூடியதாக இருந்தால், நியாயமான காலத்துக்குள் சரிசெய்து தரும்படி விற்றவரிடம் முதலில் கேட்க வேண்டும். அவர் மறுத்தாலோ, தட்டிக்கழித்தாலோ, குறை அடிப்படையானதாக இருந்தாலோ, வண்டியை நிராகரித்துப் பணத்தையோ மாற்று வண்டியையோ கோரலாம். அல்லது வண்டியை வைத்துக்கொண்டு மதிப்புக் குறைவுக்கு இழப்பீடு கேட்கலாம். பழுதால் ஏற்பட்ட இழுவை வண்டிக் கட்டணம் போன்ற செலவுகளையும் சேர்த்துக் கேட்க இடமுண்டு.

உரிமை இருந்தும் பலர் தோற்றுப்போவது ஒரே இடத்தில்தான்: சர்வீஸ் சென்டரில் நம் புகாரைப் பதிந்து கையெழுத்து வாங்கும் வேலைத்தாளில். இதை என் சொந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். என் புதுக் கார், காலையில் இன்ஜின் சூடாகுமுன் தோட்டத்து மேட்டில் ஏறும்போது, இரண்டாம் கியருக்கு மாறும் கணத்தில் "டக்" என்ற சத்தத்தோடு உதறும். மூன்று முறை கொண்டுபோய் விட்டேன். மூன்று முறையும் முகப்பில் இருந்தவர் 'செமாக் கியர்', அதாவது கியரைச் சோதிக்கவும், என்று இரண்டே சொற்களைத் தட்டச்சு செய்தார். நானும் படிக்காமல் கையெழுத்திட்டேன். மாலையில் குறை எதுவும் இல்லை என்று எழுதித் திருப்பித் தந்தார்கள். பிற்பாடு அந்த மூன்று தாள்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோது, ஒரே பழுதுக்காக மூன்று தடவை வந்தேன் என்பதற்கு அவற்றில் ஒரு தடயமும் இல்லை. சும்மா சோதனைக்கு வந்துபோனவனைப் போலத்தான் தெரிந்தது.

நான்காம் முறை, எந்த நேரத்தில், எந்தக் கியரில், எப்படி உதறுகிறது, மீட்டரில் எத்தனை கிலோமீட்டர், இது எத்தனையாவது வருகை என்பதையெல்லாம் என் சொற்களிலேயே பதிவு செய்யும்படி கேட்டு, பதிவான பிறகே கையெழுத்திட்டேன். நீங்கள் முதல் வருகையிலேயே இதைச் செய்யுங்கள். எழுத மறுத்தால், அங்கேயே நின்று அதே விவரங்களை வாட்ஸ்அப்பில் அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். வண்டியை விட்ட நாளும் எடுத்த நாளும் தாளில் இருக்கட்டும். உதறலையோ எச்சரிக்கை விளக்கையோ பக்கத்தில் அமர்ந்திருப்பவர் வீடியோ எடுக்கட்டும். தெரிந்த ஃபோர்மேனிடம் (வண்டி பழுதுபார்ப்பவரிடம்) காட்டிக் கருத்துக் கேட்பதில் தவறில்லை. ஆனால் எந்தப் பாகத்தையும் கழற்ற விடாதீர்கள், கழற்றினால் பழி உங்கள் மேல் திரும்பும்.

மீண்டும் மீண்டும் அதே பழுது வந்தால், விற்பனை நிலையத்துக்குக் கடிதம் எழுதுங்கள். வாங்கிய தேதி, வண்டி எண், ஒவ்வொரு வருகையின் தேதி, பழுதின் விவரம், நீங்கள் கேட்பது பழுதுநீக்கமா, மாற்று வண்டியா, பணமா, பதிலுக்கான கெடு ஆகியவை அதில் இருக்க வேண்டும். வண்டியை நிராகரிப்பதாக இருந்தால் அதையும் காரணத்தையும் வெளிப்படையாக எழுத வேண்டும். நியாயமான காலம் கடந்துவிட்டால் நிராகரிக்கும் உரிமை போய்விடும். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

தவணையை மட்டும் நிறுத்தாதீர்கள். கோபத்தில் நம் ஆட்கள் செய்யும் மிகப் பெரிய தவறு இது. வாடகைக் கொள்முதலில் கடன் தீரும்வரை வண்டியின் உரிமையாளர் வங்கிதான். அடுத்தடுத்து இரண்டு தவணை தவறினாலே, அறிவிப்புக் கொடுத்து வண்டியைப் பறிமுதல் செய்ய 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டம் அதற்கு வழிவிடுகிறது. பழுதான வண்டியும் போய், கடன் பாக்கியும் நிற்கும். அதே காரணத்தால், கடிதத்தின் நகலை வங்கிக்கும் அனுப்புவது அவசியம்.

கடிதத்துக்குப் பலன் இல்லையென்றால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுச் செய்யலாம். கட்டணம் 5 ரிங்கிட். நிரப்ப வேண்டியது முதலாம் எண் படிவம். இணையம் வழியாகவும் செய்யலாம். கோரிக்கைத் தொகையின் வரம்பு 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் 50,000 ரிங்கிட். சிறிய ரகக் கார்கள் பல இதற்குள் அடங்கும். விலை அதிகமென்றால், வரம்புக்கு மேற்பட்ட தொகையை விட்டுக்கொடுத்து இங்கே வரலாம், அல்லது வழக்கறிஞர் வைத்து நீதிமன்றம் செல்லலாம். ஒரே கோரிக்கையை இரண்டாகப் பிரித்துத் தாக்கல் செய்ய முடியாது. பிரச்சினை எழுந்த மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்திருக்க வேண்டும்.

மன்றத்தில் இரு தரப்புக்கும் வழக்கறிஞர் கிடையாது. நீங்களே பேச வேண்டும் என்பதை நினைத்துத் தயங்காதீர்கள்; எதிரே வருபவரும் நிறுவனத்தின் ஊழியர்தான். கடித நகல், கொள்முதல் ஒப்பந்தம், தேதி வாரியாக அடுக்கிய வேலைத்தாள்கள், செலவு ரசீதுகள் ஆகியவற்றைப் பிரதி எடுத்துக் கொண்டுபோங்கள். செம்பனைப் பழங்குலை ஏற்ற வாங்கிய லாரி போன்ற தொழில் வாகனங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவற்றுக்கு 1957ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தையே நாட வேண்டும்.

மன்றம் உங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தால் அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். 14 நாட்களுக்குள் தீர்ப்பை நிறைவேற்றாதது குற்றமாகும். பதினைந்தாம் நாள் பணம் வரவில்லையென்றால் அன்றே மன்றத்தில் புகார் கொடுங்கள்.