சைல்ட் டெவலப்மென்ட் கிளாஸ் எடுக்கறதுக்கு முன்னாடி இத பாத்துக்கோங்க

கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்ல (ரெண்டு வருஷ காலேஜ்) சைல்ட் டெவலப்மென்ட், அதாவது குழந்தை வளர்ச்சி படிக்கலாம்னு இருக்கீங்களா, ரெசிடென்ட்டுக்கு (கலிஃபோர்னியாவுலயே குடியிருக்கறவங்களுக்கு) ஒரு யூனிட்டுக்கு, அதாவது ஒரு கிரெடிட்டுக்கு, 46 டாலர்தானேன்னு கண்ட கிளாஸையும் எடுத்துடாதீங்க. பின்னாடி யூசி டேவிஸ் மாதிரி யூனிவர்சிட்டில ஹ்யூமன் டெவலப்மென்ட் சேரணும்னா அசிஸ்ட் டாட் ஆர்க் (assist.org) வெப்சைட்டுக்கு போய் உங்க காலேஜ், போகப்போற யூனிவர்சிட்டி, மேஜர் மூணையும் போடுங்க, எந்த கிளாஸ் எதுக்கு ஈடுன்னு வந்துடும், நான் இது தெரியாம ஒரு செமஸ்டர வீணாக்கினேன்.

அப்புறம் இந்த கிளாஸ்ல எழுதற அப்சர்வேஷன் ரிப்போர்ட். ப்ரீஸ்கூல்ல ஓரமா உக்காந்து ஒரு குழந்தைய பாத்து எழுதணும். "கோபமா இருந்தான்"னு எழுதினா மார்க் போச்சு. "10.05, கட்டை கோபுரம் சரிஞ்சுது, ரெண்டு தடவை தரையை ஒதச்சான், ஒரு கட்டைய தூக்கிப் போட்டான்"னு கண்ணால பாத்தத மட்டும் எழுதுங்க, அது கோபமா பசியாங்கறதெல்லாம் கடைசில தனி பாராவுல. நமக்கு இதுதான் கஷ்டம், பாத்த உடனே "சேட்டை"ன்னு வாய்ல வந்துடும் :)

ப்ரீஸ்கூலுக்குள்ள போறதுக்கு டிபி டெஸ்ட், தட்டம்மை, கக்குவான் ஊசி பேப்பர் எல்லாம் செமஸ்டர் தொடங்கறதுக்கு முன்னாடியே ரெடி பண்ணிடுங்க, ஊர்ல போட்ட ஊசி சீட்டு இருந்தா அம்மாகிட்ட சொல்லி பீரோல தேடி போட்டோ எடுத்து அனுப்ப சொல்லுங்க.