முகமூடி ஆளும் சென்னை: முதல் நாவலை எழுதத் தொடங்குவது எப்படி?

சர்வாதிகார ஆட்சி, மந்திர முகமூடி, களம் சென்னை. இப்படி ஒரு நாவல் எழுத ஆசையா? கோட்டையில் ஆரம்பிக்காதீர்கள். சாதாரண மனிதர்களின் அன்றாடத்தில் ஆட்சி எங்கே கை வைக்கிறது என்று முதலில் பாருங்கள்.

1. சட்டத்தை எழுதுங்கள்

ஒரு தாளில் அரசாணையை அதன் நடையிலேயே எழுதுங்கள்: "பதினான்கு வயது நிரம்பிய எவரும் முகமூடியின்றித் தெருவில் நடமாடக் கூடாது." தொலைத்தால் என்ன தண்டனை? பழுதானால் யாரிடம் போக வேண்டும்? எல்லாம் அதில் இருக்கட்டும். நம் வரலாறும் கைகொடுக்கும். 1876-இல் ஆங்கிலேய அரசு நாடகங்களை ஒடுக்கவே தனிச் சட்டம் போட்டது. 1975 ஜூனில் வந்த நெருக்கடி நிலை 1977 மார்ச் வரை நீடித்தது, பத்திரிகைகளுக்குத் தணிக்கை. எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் உட்கார்ந்து அந்தக் காலத்தைப் படியுங்கள். மனிதர்கள் எதையெல்லாம் பேசாமல் விட்டார்கள் என்று குறிப்பெடுங்கள்.

2. முகமூடிக்கு ஒரு சக்தி, ஒரு விலை

இங்கேதான் நிதானம் வேண்டும். தஞ்சாவூர் பக்கம் மெலட்டூரில் நடக்கும் பாகவத மேளா என்ற நாட்டிய நாடகத்தில் நரசிம்மர் முகமூடிக்குப் பூஜை உண்டு. அதை அணிகிறவர் விரதம் இருப்பார். அணிந்தவருக்குள் சாமி இறங்கும் என்பது நம்பிக்கை. அப்படியானால் உங்கள் அரசு தரும் முகமூடிக்குள் இறங்குவது எது? நானாக இருந்தால் இப்படி வைப்பேன்: அது அணிந்தவரின் கோபத்தை உறிஞ்சிவிடும். கழற்றும்போதெல்லாம் தெரிந்த முகம் ஒன்று மறந்துபோகும். சரி, உறிஞ்சிய கோபம் எங்கே சேர்கிறது? அதற்கு விடை கிடைத்தால் வில்லனும் கிடைத்துவிடுவார். இரண்டாவது சக்தி எதையும் சேர்க்காதீர்கள். ஆபத்து வரும்போதெல்லாம் புது மந்திரம் முளைத்தால் வாசகருக்குப் பயம் போய்விடும்.

3. கதாபாத்திரமும் இடமும்

காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு பெண் போதும். சித்திரை வெயிலில் முகமூடிக்குள் வழியும் வியர்வை, தாடையில் கிளம்பும் வேர்க்குரு, இதையெல்லாம் எழுதுங்கள். அப்புறம் ஒரு இரவு, அப்பா பக்கத்திலேயே படுத்திருக்க, முகமூடியைக் கழற்றிய மகன் அவரைக் காட்டிக் கேட்கட்டும்: "யம்மா, இது யாரு?"

4. முதல் அத்தியாயம்

முகமூடியின் விதியை எங்கும் விளக்காமல் நான்கு பக்கம் எழுதி, ஒரு நண்பரிடம் கொடுங்கள். விதி என்னவென்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். அவருக்குப் புரியவில்லையா? விளக்கம் சேர்க்க வேண்டாம்; அந்தப் பெண் முகமூடியைக் கழற்றும் காட்சி இன்னொன்று எழுதுங்கள்.