ஏர்பிரஷ்ஷில் கறுப்பு வெள்ளை முகம்: தோல் உயிரோடு தெரிய என்ன செய்ய வேண்டும்?

காற்றழுத்தத்தில் பெயின்ட்டைப் புகை போலத் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷை வாங்கிய புதிதில் எல்லோர் கையிலிருந்தும் ஒரே மாதிரி முகம்தான் வரும். கண் சரியாக இருக்கும், மூக்கு இடத்தில் இருக்கும், கன்னத்தில் நிழல் வழுவழுவென்று அழகாக இறங்கியிருக்கும். ஆனாலும் பார்த்தால் பீங்கான் பொம்மை. என்னிடமும் அப்படி நாலைந்து படங்கள் சேர்ந்துவிட்டன. தெளிக்கிற கை பழகிவிட்டது, தோல் மட்டும் வரவில்லை.

வழி காட்டியது சக் க்ளோஸ் என்ற அமெரிக்க ஓவியர் 1967-68இல் வரைந்த தன் முகம். கிட்டத்தட்ட 9 அடி உயரம். இப்போது மின்னியாபொலிஸ் நகரின் வாக்கர் ஆர்ட் சென்டரில் இருக்கிறது. அந்தப் படத்தில் வெள்ளைப் பெயின்ட் இல்லை. கறுப்பு அக்ரிலிக்கை மிகவும் நீர்த்து ஏர்பிரஷ்ஷில் அடித்து, வெளிச்சம் வேண்டிய இடங்களை ரேஸர் பிளேடாலும் டிரில் மெஷினில் மாட்டிய ரப்பராலும் சுரண்டி எடுத்தார். அங்கே வெள்ளை என்பது அடியில் இருக்கும் கேன்வாஸ்தான். இந்தக் கட்டுரை முழுக்க அந்த முறையைத்தான் சொல்லப்போகிறேன். வெள்ளை பாட்டிலை எடுத்து அலமாரியில் வைத்துவிடுங்கள்.

வெள்ளை ஏன் வேண்டாம்? கறுப்பின் மேல் வெள்ளையை மெல்லியதாகத் தெளித்தால் அது நீலமாகத் தெரியும். இருட்டான பின்னணியில் ஊதுபத்திப் புகை நீலமாகத் தெரிகிறதல்லவா, அதே காரணம்தான்: நுண்ணிய துகள்கள் நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கின்றன. கறுப்பு வெள்ளைப் படத்தில் கன்னம் மட்டும் நீலம் பூத்து நின்றால் எவ்வளவு உழைத்தும் பயனில்லை.

வாங்க வேண்டியவை

டபுள் ஆக்ஷன் ஏர்பிரஷ் (ஒரே டிரிக்கரால் காற்றையும் பெயின்ட்டையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்துவது), மேலே கிண்ணம் உள்ளது, பெயின்ட் வெளிவரும் நாசில் 0.2 அல்லது 0.3 மி.மீ. புதியவர்களுக்கு 0.3 நல்லது, அடிக்கடி அடைக்காது. கம்ப்ரஸரில் சின்ன டேங்க்கும், அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரும், ஈரத்தைப் பிடிக்கும் மாய்ஸ்சர் டிராப்பும் கட்டாயம். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் இந்தக் கடைசி சாமானில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். ஒரு ஐப்பசி மழைநாளில் குழாயில் சேர்ந்த ஈரம் ஒரே துளியாக வந்து, முக்கால்வாசி முடிந்திருந்த நெற்றியில் விழுந்தது. அந்த வட்டக் கறையை என்னால் கடைசி வரை சரிசெய்ய முடியவில்லை.

பெயின்ட் விஷயத்தில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: காய்ந்த பிறகும் ரப்பரால் அழிக்கக்கூடிய, ஒளி ஊடுருவும் கறுப்பு. கிரியேடெக்ஸ் நிறுவனத்தின் இல்லஸ்ட்ரேஷன் வரிசை, காம்-ஆர்ட் இரண்டும் இந்த வேலைக்கானவை. ஷெல்லாக் கலந்த இந்தியன் இங்க்கை ஊற்றாதீர்கள், நாசிலுக்குள் காய்ந்தால் கிளம்பாது.

தாள் 300 ஜி.எஸ்.எம்., வழுவழுப்பான ஹாட் பிரெஸ். யூப்போ என்ற செயற்கைத் தாள் கிடைத்தால் இன்னும் நல்லது. சாதாரண ஐவரி அட்டை பிளேடு பட்டதும் நார் நாராகக் கிளம்பிவிடும். அப்புறம் பென்சில் வடிவ ரப்பர், 11ஆம் எண் கத்தி, ஒரு என்95 மாஸ்க். பெயின்ட் தண்ணீரில் கரைவதாக இருந்தாலும் அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே அடியுங்கள்.

கறுப்பைக் கரைத்தல்

மூன்று சின்ன பாட்டில்கள். முதலாவதில் 1 சொட்டு கறுப்புக்கு 5 சொட்டு ரெட்யூசர் (பெயின்ட்டை நீர்க்கவைக்கும் திரவம்), இரண்டாவதில் 10, மூன்றாவதில் 20. மூன்றாவது பாட்டிலைப் பார்த்தால் அழுக்குத் தண்ணீர் போல இருக்கும், இதில் என்ன வரப்போகிறது என்று தோன்றும். தோலின் பெரும்பகுதி அதில்தான் வரும்.

ஒரு துண்டுத் தாளில் வெள்ளையிலிருந்து கறுப்பு வரை 9 கட்டங்கள் அடித்துப் பார்த்து, அந்தப் பட்டையைப் படத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். வேலை முடியும் வரை அதுதான் அளவுகோல்.

கைப்பழக்கம்

டிரிக்கரை அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயின்ட். காற்று முதலில் தொடங்க வேண்டும், கடைசியில் நிற்க வேண்டும். டிரிக்கரை முன்னே தள்ளிப் பெயின்ட்டை மூடாமல் விரலை எடுத்தால், அடுத்த கோட்டின் தொடக்கத்தில் ஒரு கரும்புள்ளி விழும். தாளிலிருந்து 1 செ.மீ. தூரத்தில் மெல்லிய கோடு, 8 செ.மீ. தள்ளினால் மென்மையான நிழல். ஒரு வாரம் வெறும் புள்ளியும் கோடும் மட்டும் போடுங்கள். அழுத்தம் 15 முதல் 20 பி.எஸ்.ஐ. போதும்.

படம் எடுத்தல், தாளுக்கு மாற்றுதல்

நான் இங்கே எடுத்துக்கொண்டது எங்கள் பெரியப்பாவின் முகம். 70 வயது, மூன்று நாள் தாடி. மதியம் 3 மணிக்கு ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார வைத்து எடுத்தேன். ஃப்ளாஷ் வேண்டாம், அது தோலின் மேடுபள்ளத்தை எல்லாம் தட்டையாக்கிவிடும். பக்கத்திலிருந்து உரசிக்கொண்டு வருகிற வெளிச்சத்தில்தான் ஒவ்வொரு துளைக்கும் ஒரு நிழல் கிடைக்கிறது.

கறுப்பு வெள்ளையாக மாற்றி ஏ3 அளவில் இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று பார்த்து வரைய, இன்னொன்று வெட்டி, பெயின்ட் படக்கூடாத இடத்தை மறைக்கும் மாஸ்க் செய்ய. முகத்தின் உயரம் 25 செ.மீ.க்குக் குறைந்தால் துளைகளுக்கு இடம் இருக்காது. வெட்டப்போகும் பிரதியின் பின்புறம் பென்சில் தேய்த்து, முகத்தின் கோடுகளைத் தாளுக்கு மாற்றுங்கள். கோடு கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டும். நம் கறுப்பு ஊடுருவித் தெரிவது, பென்சிலை மறைக்காது.

முதல் சுற்று: பெரிய நிழல்கள்

இரண்டாவது பாட்டிலால் கண்குழி, மூக்கின் நிழல் பக்கம், தாடைக்குக் கீழே என்று பெரிய பகுதிகளை மட்டும் அடியுங்கள். இமை, உதடு, மூக்கு மடலுக்கு வெட்டிய மாஸ்க்கைத் தாளோடு ஒட்டாமல் 3 மி.மீ. தூக்கிப் பிடியுங்கள், விளிம்பு மென்மையாக வரும். கன்னத்துக்கும் நெற்றிக்கும் மாஸ்க்கே வேண்டாம்.

ஒன்று முக்கியம். படத்தில் இருக்கும் கருமையில் முக்கால் பங்கோடு நிறுத்திவிடுங்கள். அடுத்து வரும் ஒவ்வொரு சுற்றும் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுக்கவைக்கும். இப்போதே சரியான கருமைக்குக் கொண்டுவந்தால் முடிவில் முகம் கரிப்பிடித்துவிடும்.

தோல்

தெளிக்கும் முன் ஐந்து நிமிடம் படத்தை மட்டும் பாருங்கள். பெரியப்பாவின் மூக்கு நுனியில் துளைகள் வட்டமாக, நெருக்கமாக இருக்கின்றன. கன்னத்தில் அவை நீண்டு, கீழ்நோக்கிச் சரிந்திருக்கின்றன. கண்ணுக்குக் கீழே துளையே இல்லை, குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய சுருக்கம். உதட்டில் செங்குத்து வெடிப்பு. இன்னொன்றும் தெரியும்: நல்ல வெளிச்சம் விழும் இடத்திலும் தோலின் வேலைப்பாடு தெரிவதில்லை, ஆழ்ந்த நிழலிலும் தெரிவதில்லை. இரண்டுக்கும் நடுவில் வெளிச்சம் மங்கிப் போகிற அந்தப் பட்டையில்தான் எல்லாம் இருக்கிறது. முகம் முழுக்க ஒரே மாதிரி புள்ளி வைத்தால் அம்மைத் தழும்பு போல ஆகிவிடும்.

சரி, கன்னத்தில் ஒரு தீப்பெட்டி அளவு இடத்தை எடுத்துக்கொள்வோம்.

மூன்றாவது பாட்டில், அழுத்தம் 10 பி.எஸ்.ஐ., தாளிலிருந்து 1 செ.மீ. கையை நடுங்கவிட்டாற்போல, இடியாப்பத்தைப் பிழிந்து போட்ட மாதிரி சின்னச் சின்னச் சுருள் கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுங்கள். திசை மாறிக்கொண்டே இருக்கட்டும். ஒரு நிமிடத்தில் அந்த இடம் வழுவழுப்பை இழந்து, லேசாகத் திட்டுத்திட்டாக ஆகும்.

காய்ந்ததும் ரப்பர் பென்சிலைக் கூராகச் சீவி, கோடுகளுக்கு நடுவே தொட்டுத் தொட்டு எடுங்கள். தேய்க்க வேண்டாம், தொடுவது மட்டும். துளை என்பது வெறும் கரும்புள்ளி இல்லை. வெளிச்சம் ஜன்னல் பக்கமிருந்து வருவதால், பள்ளத்தின் ஜன்னல் பக்கச் சுவர் நிழலில் இருக்கும், எதிர்ச்சுவரில் வெளிச்சம் விழும். ஆகவே ஒவ்வொரு கரும்புள்ளிக்கும் ஜன்னலுக்கு எதிர்ப்பக்கத்தில் ரப்பரின் தொடுகை வர வேண்டும். கண் இதை உடனே பள்ளம் என்று புரிந்துகொள்கிறது. திசையை மாற்றிப் போட்டால் அதே புள்ளி பருவாகத் தெரியும்.

இப்போது அதே மூன்றாவது பாட்டிலால் 10 செ.மீ. தூரத்திலிருந்து அந்த இடம் முழுக்க ஒரு மூச்சு அளவுக்குப் பனி போலத் தெளியுங்கள். நீங்கள் எடுத்த வெள்ளைகள் எல்லாம் சாம்பலாகி, தோலுக்கு உள்ளே போய் உட்காரும். மறுபடி சுருள், மறுபடி ரப்பர், மறுபடி பனி. மூன்று, நான்கு சுற்று. பழைய சுற்றின் குறிகள் ஆழத்திலும் புதியவை மேலேயும் தெரிவதால்தான் தோலுக்குத் தடிமன் வருகிறது. முதன்முதலாக நாலாவது சுற்றில் கன்னம் கன்னமாக மாறியதைப் பார்த்தபோது ஏர்பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கடைசிச் சுற்றுக்குப் பின் பனி அடிக்க வேண்டாம். கத்தி முனையால் எண்ணெய்ப் பசை மின்னும் இடங்களில் மட்டும் லேசாகக் குத்தி எடுங்கள். புள்ளிகள் கோலப்புள்ளி போல வரிசையில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கை தானாக வரிசை பிடிக்கும், அதனால் அடிக்கடி தாளைத் திருப்பி வைத்து வேலை செய்வது நல்லது.

மூக்குக்கு வேறொரு வழி உண்டு. அழுத்தத்தை 5 முதல் 8 பி.எஸ்.ஐ. வரை இறக்கினால் பெயின்ட் தூவலாக இல்லாமல் துளித்துளியாகத் தெறிக்கும். கண்ணையும் கன்னத்தையும் தாளால் மூடிவிட்டு, வேறு தாளில் ஒருமுறை சோதித்த பிறகே அடியுங்கள்.

நரைத்த தாடி

இதுவும் சுரண்டல்தான். கத்தி முனையை வைத்து, முடி வளரும் திசையில் 2 மி.மீ. இழுத்து உடனே தூக்குங்கள். அடி தடித்தும் நுனி மெலிந்தும் வரும். ஒவ்வொரு முடிக்கும் ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் மயிரிழை அளவு நிழல் கொடுத்தால் முடி தோலிலிருந்து எழுந்து நிற்கும். பாதி முடியைப் போட்டதும் ஒரு பனி, பிறகு மீதிப் பாதி. பெரியப்பாவின் தாடைக்கு மட்டும் எனக்கு இரண்டு மாலைகள் பிடித்தன.

வழியில் வரும் தொல்லைகள்

பெயின்ட் சிலந்திக் கால் போல ஓடினால், கிட்டே நின்று டிரிக்கரை அதிகம் இழுத்துவிட்டீர்கள் என்று பொருள். கோடு விட்டுவிட்டு வந்தால் ஊசி முனையில் பெயின்ட் காய்ந்திருக்கிறது, ரெட்யூசரில் நனைத்த பிரஷ்ஷால் துடையுங்கள். தாள் கிழியத் தொடங்கினால் கத்தி மழுங்கிவிட்டது, பிளேடை மாற்றுங்கள்.

முடிப்பு

கண்மணி, மூக்குத் துவாரம், உதடுகள் சேரும் கோடு: இந்த மூன்றுக்கு மட்டும் முதல் பாட்டிலை எடுங்கள். கண்ணின் மினுக்கத்தைக் கத்தியால் ஒரே குத்தில் எடுக்க வேண்டும், இரண்டாவது குத்துக்கு இடமில்லை.

அழிக்க முடிந்த பெயின்ட் என்பதால் ஈரம் பட்டால் கலங்கும். மேலே தண்ணீர் வார்னிஷ் பூசாதீர்கள். பெயின்ட் கலையாமல் பிடித்துவைக்கும் ஸ்ப்ரே ஃபிக்ஸட்டிவை மிக மெல்லிய கோட்டுகளாக, ஒன்று காய்ந்த பிறகு இன்னொன்று என்று அடியுங்கள். ஃப்ரேம் கடையில் கொடுக்கும்போது, கண்ணாடி படத்தைத் தொடாதபடி சுற்றிலும் 2 மி.மீ. அட்டை மவுன்ட் வைக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் ஈரம் ஏறி கன்னம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது.