வேப்பிலை செருகும் முன்

பங்குனியில் காரைக்குடிப் பக்கம் ஒரு குழந்தைக்குக் காய்ச்சலோடு உடம்பில் சிவப்புத் தடிப்பும் கண்டால் போதும், "அம்மை வார்த்திருக்கிறது" என்று அப்பத்தா நிலையில் வேப்பிலை செருகிவிடுவார். முத்துமாரியம்மனிடம் எனக்கும் பக்தி உண்டு. ஆனால் தடிப்பெல்லாம் அம்மை ஆகாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை என்ற வழக்கம்தான் என்னைப் பயமுறுத்துகிறது.

குழந்தைகளுக்குக் கொரோனா வந்துபோன 2 முதல் 6 வாரத்துக்குள், வைரஸை விரட்டக் கிளம்பிய எதிர்ப்புச் சக்தி அடங்காமல் இதயம், குடல், தோல் என்று பல உறுப்புகளை வீங்கச் செய்வதுண்டு. மிஸ்-சி (MIS-C) என்று பெயர்; அரிதான நோய்தான். 2020 ஏப்ரலில் பிரிட்டன் மருத்துவர்கள் இதைப் பற்றி எச்சரித்தார்கள். குழந்தைக்குத் தொற்று வந்ததே தெரியாமல் போயிருக்கலாம். அதனால் "போன மாதம் வீட்டில் எல்லோருக்கும் சளி, காய்ச்சல்" என்பதை மருத்துவரிடம் சொல்லாமல் விடாதீர்கள்.

நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு, நோயைக் கூறுபோடுவது. கண் சிவந்தால் கண்வலி என்று சொட்டு மருந்து. உதடு வெடித்தால் சூடு என்று வெண்ணெய். வயிறு வலித்தால் குடல் ஏற்றம் என்று தட்டிவிடக் கூட்டிப்போவது. மூன்றும் ஒரே குழந்தைக்கு, அதுவும் விடாத காய்ச்சலோடு வந்தால் அது ஒரே நோயாக இருக்கலாம். இந்த வயிற்றுவலியைக் குடல்வால் அழற்சி என்று மருத்துவர்களே எண்ணியதும் உண்டு.

குழந்தைகளின் ரத்தக்குழாய்களை வீங்கச் செய்யும் கவாசாகி நோயும் மிஸ்-சியின் சாயல்தான். பெரும்பாலும் 5 வயதுக்குள் வரும். பீளை தள்ளாத சிவந்த கண், ஸ்ட்ராபெர்ரி போன்ற நாக்கு, வீங்கிய கை கால். காய்ச்சல் 5 நாளைத் தாண்டியும் காத்திருந்தால் நாள்தான் வீணாகும். சிகிச்சை இல்லையேல் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இதயத்தின் ரத்தக்குழாய் புடைத்துக்கொள்ளும்; 10 நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் (தானம் பெற்ற ரத்தத்திலிருந்து எடுக்கும் எதிர்ப்புப் புரதம்) ஏற்றினால் அந்த ஆபத்து வெகுவாகக் குறையும்.

இந்த நோய்களுக்கு மருத்துவர் ஆஸ்பிரின் எழுதுவார். அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் குழந்தையின் நீர்க்கோள் அம்மைக்கோ ஃப்ளூவுக்கோ யாரும் அதைக் கொடுத்துவிடக் கூடாது. ஈரலையும் மூளையையும் தாக்கும் ரேய் நோய்க்கு அது வழிவிடும்.

கை கால் சில்லிட்டு, குழந்தை துவண்டு, சிறுநீரும் குறைந்தால் மதுரை பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். குணமாகி வீடு திரும்பியபின், சொன்ன தேதியில் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்கப் போங்கள். இம்யூனோகுளோபுலின் ஏற்றியிருந்தால், தட்டம்மைத் தடுப்பூசியைப் பொதுவாக 11 மாதம் தள்ளிப்போட வேண்டும். ஊசி போடும் செவிலியரிடம் ஆஸ்பத்திரி கொடுத்த சீட்டைக் காட்டுங்கள்.