புது வருஷத்துக்கு ரன்னிங் டார்கெட் போடறவங்க பண்ற தப்புங்க

டிசம்பர் கடைசில காலைல அஞ்சரைக்கு மெரினா பக்கம் போனா புது ஷூ போட்டு ஓடறவங்க நிறைய பேர பாக்கலாம், பாக்கவே சந்தோஷமா இருக்கும். அதே ஆளுங்கள மார்ச்ல தேடினா பல பேர காணோம். சோம்பேறித்தனம்னு சுலபமா சொல்லிடறாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. பல பேருக்கு டார்கெட் போட்ட அன்னிக்கே சிக்கல் ஆரம்பிச்சிடுது.

முதல்ல இந்த "வருஷத்துக்கு 1000 கி.மீ." டார்கெட். கேக்க அழகான நம்பர். 52 வாரத்தால வகுத்தா வாரத்துக்கு 19 கி.மீ. சொச்சம், ஏற்கனவே ஓடறவங்களுக்கு இது ஒண்ணுமே இல்ல. ஆனா புதுசா ஆரம்பிக்கறவங்க முதல் வாரம் 5, அடுத்து 6, 7, 8னு நியாயமா ஏத்தினாலும் ஜனவரி முடியும்போது 26 கி.மீ. தான் ஆயிருக்கும். மாசக் கணக்குப்படி 83 வரணும். 57 பாக்கி. அத பிப்ரவரியிலயே பிடிச்சிடலாம்னு இறங்கினா அந்த மாசம் 140 ஓடணும், அதாவது வாரத்துக்கு 35. போன வாரம் 8 ஓடின காலு இந்த வாரம் 35 எப்படி ஓடும்? ஓட்டத்த பதிவு பண்ற ஸ்ட்ராவா ஆப்ல பாக்கி கிலோமீட்டர பாத்து பாத்து மனசு விட்டுப்போயி நிறுத்தினவங்கள எனக்கே தெரியும், உண்மையில அவங்க ஜனவரில நல்லாதான் ஓடியிருந்தாங்க.

இதுல இன்னொரு விஷயமும் இருக்கு. மூச்சு சீக்கிரம் பழகிடும், மூணு நாலு வாரத்துலயே "அட, முன்ன மாதிரி வாங்கலயே"ன்னு தெம்பு வந்துடும், ஆனா எலும்பும் தசைநாரும் பழக மாசக்கணக்குல ஆகும். நான் முதல் வருஷம் அந்த தெம்ப நம்பி வாரத்துல ஆறு நாள் ஓடினேன். பிப்ரவரி மூணாவது வாரம் முழங்காலுக்கு கீழ முன் எலும்பு ஓரமா வலி, மாடிப்படி இறங்கவே முடியல, பிசியோகிட்ட போனா ஒரு மாசம் ஓடக்கூடாதுன்னுட்டாங்க. வாரத்துக்கு மூணே நாள், நடுவுல ஒரு நாள் கேப், பக்கத்துல ஓடறவங்களோட முழுசா ஒரு வாக்கியம் பேச முடியற வேகம், புதுசா வரவங்களுக்கு முதல் ரெண்டு மூணு மாசம் இது தாராளமா போதும். ஓடறதும் நடக்கறதுமா மாத்தி மாத்தி போறதுல வெக்கமே வேண்டாம்.

அடுத்தது நம்ம ஊர் சமாச்சாரம், இத யாரும் சரியா சொல்றதில்லன்னு எனக்கு ஆதங்கம். நாம டார்கெட் போடறது மார்கழில. சென்னைல வருஷத்துலயே ஓடறதுக்கு சுகமான நேரம் அதுதான், விடிகாலைல 21, 22 டிகிரி இருக்கும். அந்த குளிர்ல 10 கி.மீ. 70 நிமிஷத்துல வந்துச்சுன்னா "ஜூன்குள்ள 60 நிமிஷம்"னு எழுதி வெச்சிடறோம். மே மாசம் காலைல அஞ்சு மணிக்கே 28, 29 டிகிரி, கூட அந்த கடற்கரை ஈரப்பதம், வேர்வை காயவே காயாது, காஞ்சாதான உடம்பு ஆறும். உடம்ப ஆத்தறதுக்காக ரத்தம் தோலுக்கு போயிடுது, அதே வேகத்துக்கு இதயம் அதிகமா துடிக்க வேண்டியிருக்கு. அதனால 75 நிமிஷம் ஆனாலும் நீங்க பின்னாடி போகல, சொல்லப்போனா முன்னேறியும் இருக்கலாம். ஏப்ரல்லேர்ந்து ஜூன் வரைக்கும் டைமிங் டார்கெட்டே வேண்டாம், எத்தன நிமிஷம் ஓடினோம்னு மட்டும் எழுதுங்க. இந்த ஜனவரி டைமிங்க அடுத்த ஜனவரியோட ஒப்பிடுங்க, அதுதான் நியாயம்.

எந்த ரேஸ்ல ஓடறதுன்னு முடிவு பண்றதுலயும் இதே கதைதான். சென்னை மாரத்தான் ஜனவரி ஆரம்பத்துல வருது, கோவைல டிசம்பர்ல. இதுக்கு ரெடி ஆகறவங்களோட நீள ஓட்டமெல்லாம் அக்டோபர், நவம்பர் மழைல வந்து விழும். ரோட்டுல முழங்கால் தண்ணி நிக்கும்போது 18 கி.மீ. எங்க ஓடறது? அதனால பிளான்லயே ரெண்டு மூணு வாரம் மழைக்குன்னு விட்டுடுங்க.

அப்புறம் எல்லாத்தையும் ஜனவரி ஒண்ணாந்தேதியே ஆரம்பிக்கறது. ஓட்டம், சக்கரைய நிறுத்தறது, அஞ்சு கிலோ குறைக்கறது, நாலரைக்கு எழுந்துக்கறது எல்லாம் ஒண்ணா. நாலரைக்கு எழணும்னா ஒம்பதரைக்கு தூங்கணும், அப்ப ராத்திரி சாப்பாட்டு நேரம் மாறணும், வீட்ல எல்லாரும் ஒத்துக்கணும். பத்தாவது, பன்னெண்டாவது படிக்கற பசங்க இருந்தா மார்ச்ல பரீட்சை வேற. இதெல்லாம் வீட்ல உக்காந்து பேசாம போட்ட டார்கெட் எனக்கு ஒரு வருஷம்கூட நின்னதில்ல.

இந்த வருஷம் ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டியிருக்கறது இவ்ளோதான்: செவ்வாய், வியாழன், ஞாயிறு ஓட்டம், ராத்திரி பத்துக்கு லைட் ஆஃப். ஞாயித்துக்கிழமை நான் வர லேட்டாகும், காலை டிபன் வீட்டுக்காரி பாத்துக்கறாங்க, மத்த ரெண்டு நாள் நான்.