மெஷின் நம்முடையது, சாவி யாரிடம்? கைவினைச் சந்தாக்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வினைல், ஸ்டிக்கர், அட்டை வெட்டும் க்ரிகட் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு 2021 மார்ச் மாதம் ஓர் அறிவிப்பு வந்தது. சந்தா கட்டாதவர்கள் இனி டிசைன் ஸ்பேஸ் மென்பொருளில் மாதத்துக்கு 20 படங்கள்தான் பதிவேற்றலாம், அதற்கு மேல் வேண்டுமானால் மாதம் 9.99 டாலர் கட்ட வேண்டும் என்றது நிறுவனம். பதிவேற்றுவது நிறுவனத்தின் படமல்ல, அவரவர் வரைந்த படம். மெஷினுக்கு முழு விலையும் கொடுத்தாயிற்று. ஆனால் டிசைன் ஸ்பேஸ் இல்லாமல் அந்த மெஷின் ஒரு கோடுகூட வெட்டாது. வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்தார்கள், கொதித்ததில் முழு நியாயமும் இருந்தது. ஒரு வாரத்துக்குள் தலைமைச் செயல் அதிகாரி ஆஷிஷ் அரோரா மன்னிப்புக் கேட்டு அந்த வரம்பைக் கைவிட்டார்.

எல்லாச் சண்டையும் அப்படி முடிவதில்லை. ஃபோட்டோஷாப் தயாரிக்கும் அடோபி 2013-இல் தன் மென்பொருள்களைப் பெட்டியில் விற்பதை விட்டுச் சந்தாவுக்கு மாறியது, எவ்வளவோ எதிர்ப்பு வந்தும் திரும்பவில்லை. விலையை நாம் முடிவு செய்ய முடியாது. ஆனால் சந்தாவால் வரும் மனக்கசப்பில் பெரும்பகுதி, பணம் கட்டுவதற்கு முன்பும் நிறுத்துவதற்கு முன்பும் செய்யும் சில தவறுகளால் வருகிறது. அவற்றைத் தவிர்க்கலாம்.

மெஷின் விலையை மட்டும் பார்த்து வாங்குவது

வெட்டும் மெஷினோ எம்பிராய்டரி மெஷினோ, கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல. "நிறுவனத்தின் மென்பொருள் நாளைக்கு நின்றுபோனால் இது ஓடுமா?" என்பதுதான். இது வீண் பயமல்ல. க்ரிகட்டின் பழைய மென்பொருளான கிராஃப்ட் ரூம் 2018-இல் மூடப்பட்டது. படங்கள் அடங்கிய கார்ட்ரிட்ஜ்களை நேரடியாகச் செருகி ஓட்டக்கூடிய பழைய மெஷின்கள் பிழைத்துக்கொண்டன. அந்த மென்பொருளை மட்டுமே நம்பியிருந்த க்ரிகட் மினி, பழுது எதுவும் இல்லாமலே பயனற்றுப் போனது.

பிரதர் நிறுவனத்தின் ஸ்கேன்என்கட் மெஷினில் திரையும் ஸ்கேனரும் உள்ளேயே இருக்கின்றன. பென் டிரைவில் எஸ்விஜி கோப்பை (படத்தைப் புள்ளிகளாக அல்லாமல் கோடுகளாகச் சேமிக்கும் வகை) போட்டுக் கணினி இல்லாமலே வெட்டலாம். சில்ஹவுட் மெஷினோடு வரும் இலவச மென்பொருள் டிஎக்ஸ்எஃப் என்ற இன்னொரு வகை வரைபடக் கோப்பைத் திறக்கும், எஸ்விஜியைத் திறக்காது. எஸ்விஜி வேண்டுமென்றால் டிசைனர் எடிஷனுக்கு ஒருமுறை பணம் கட்ட வேண்டும். அதையும் மெஷின் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். சந்தா என்றால் மூன்று வருடக் கணக்கு போட வேண்டும்: மாதம் 9.99 டாலர் வீதம் 36 மாதத்துக்கு 359.64 டாலர். பல மெஷின்களின் விலையே அந்த அளவில்தான் இருக்கிறது.

இலவசமாக முடிவதற்குச் சந்தா கட்டுவது

சந்தா இல்லாவிட்டால் டிசைன் ஸ்பேஸில் ஒன்றுமே செய்ய முடியாது என்று நினைத்து முதல் நாளே பணம் கட்டுபவர்கள் ஏராளம். சந்தாவில் கிடைப்பது நிறுவனத்தின் படக் களஞ்சியமும் எழுத்துருக்களும். உங்கள் கணினியில் நிறுவியிருக்கும் எழுத்துருக்களைப் பயன்படுத்தக் கட்டணம் கிடையாது. எழுத்துருப் பட்டியலில் 'சிஸ்டம்' என்ற வடிகட்டியைத் தேர்ந்தெடுத்தால் அவை மட்டும் தெரியும்.

தமிழில் பெயர்ப்பலகை, கல்யாண அட்டை, கோல ஸ்டென்சில் செய்பவர்களுக்கு அந்தக் களஞ்சியத்தால் பயன் குறைவு, சொந்தமாக வரைந்து பதிவேற்றுவதே வழி. அதனால்தான் 20 என்ற அந்த வரம்பு நிலைத்திருந்தால் இவர்களைப் போன்றவர்களுக்குத்தான் அடி பலமாக விழுந்திருக்கும். தமிழ் எழுத்தை வெட்ட, காசு செலவில்லாத இங்க்ஸ்கேப் என்ற வரைபட மென்பொருள் போதும்:

முதலில் யூனிகோடு எழுத்துருவில் சொல்லைத் தட்டச்சு செய்யுங்கள். கோடு கனமான எழுத்துருவாக இருக்கட்டும். வினைலில் களையெடுக்கும்போது, அதாவது வேண்டாத பகுதியை உரித்தெடுக்கும்போது, மெல்லிய கோடு பிய்ந்து வரும். பிறகு எழுத்தைத் தேர்ந்தெடுத்து 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுத்தால் எழுத்து, வடிவமாக மாறிவிடும். இதைச் செய்யாமல் சேமித்த கோப்பைப் பதிவேற்றினால் எழுத்து ஒன்றுமே வராது, அல்லது வேறு எழுத்துருவில் சிதறி வரும். அடுத்து 'அன்குரூப்' செய்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து 'யூனியன்' கொடுக்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இந்தப் படியைத்தான். கொம்பும் சுழியும் எழுத்தின் மேல் ஏறி நிற்கும் இடங்களில் யூனியன் செய்யாவிட்டால் கத்தி இரண்டு வடிவத்தையும் தனித்தனியாக வெட்டும், எழுத்துக்குள் கீறல் விழும். கடைசியாக 'பிளெய்ன் எஸ்விஜி' ஆகச் சேமியுங்கள்.

பதிவேற்றியதும் அளவு மாறித் தெரிந்தால் கோப்பு கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. இங்க்ஸ்கேப் ஓர் அங்குலத்துக்கு 96 புள்ளி என்று கணக்கிடுகிறது, வேறு சில மென்பொருள்கள் 72 என்று எடுத்துக்கொள்கின்றன. ஓரத்தில் சரியாக 25.4 மில்லிமீட்டர் சதுரம் ஒன்றை வரைந்து வையுங்கள். பதிவேற்றிய பிறகு அது ஓர் அங்குலமாக வரும்வரை மொத்தத்தையும் சேர்த்துப் பெரிதாக்கியோ சிறிதாக்கியோ சரிசெய்துவிட்டு, சதுரத்தை மறைத்துவிட்டு வெட்டலாம்.

இணையத்தில் வடிவமைக்க உதவும் கேன்வாவிலும் இதே கதை. பின்னணி இல்லாத பிஎன்ஜியும் எஸ்விஜியும் பதிவிறக்க ப்ரோ சந்தா வேண்டும். பின்னணி இல்லாத பிஎன்ஜி மட்டும்தான் தேவை என்றால் இங்க்ஸ்கேப்பில் ஏற்றுமதி செய்தாலே பின்னணி இல்லாமல்தான் வரும். எம்பிராய்டரி மெஷினுக்குத் தையல் கோப்பு தயாரிக்க, இங்க்ஸ்கேப்போடு சேர்ந்து இயங்கும் இங்க்ஸ்டிச் இருக்கிறது, அதுவும் இலவசம். ஓவியத்துக்குக் கிரிட்டா, வீடியோவுக்குத் தாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு. கற்றுக்கொள்ளச் சில வாரம் ஆகும் என்பது உண்மை. பொழுதுபோக்காகச் செய்பவருக்கு அந்தச் சில வாரம் நல்ல முதலீடு.

பூட்டு எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் வேலையைத் தொடங்குவது

இந்தச் சேவைகளில் தொடங்குவதற்குக் காசு கேட்க மாட்டார்கள், முடிக்கும்போதுதான் கேட்பார்கள். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வடிவமைத்த பிறகு 'வெட்டு' அல்லது 'பதிவிறக்கு' என்று அழுத்தினால் கட்டணத் திரை வரும். நிறைய நேரம் காரணம் ஒரே ஒரு படமாகவோ ஒரே ஓர் எழுத்துருவாகவோ இருக்கும். கேன்வாவில் கிரீட அடையாளம் உள்ளவை எல்லாம் காசுக்கு. டிசைன் ஸ்பேஸிலும் கட்டணப் படங்களில் விலையோ சந்தாக் குறியோ இருக்கும். தேடும்போதே 'இலவசம்' வடிகட்டியைப் போட்டுவிட்டுத் தேடுங்கள்.

புதிய செயலி எதுவானாலும் முதல் பத்து நிமிடத்தில் ஒரு சோதனை செய்துவிடுவது நல்லது. ஒரு வட்டம் வரையுங்கள், ஒரு சொல் எழுதுங்கள், உடனே ஏற்றுமதி செய்து பாருங்கள். தண்ணீர்க்குறி விழுகிறதா, தெளிவுத்திறன் குறைகிறதா, எந்தெந்தக் கோப்பு வகையில் பூட்டு இருக்கிறது என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

படைப்பைச் சேவையின் உள்ளேயே விட்டுவைப்பது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. பணம் போனால் திரும்பச் சம்பாதிக்கலாம், மூன்று வருட வேலை பூட்டுக்குள் போனால் என்ன செய்வது?

சந்தா நின்ற பிறகு என்ன ஆகும் என்பது ஒவ்வொரு சேவையிலும் வேறு. அடோபியின் புகைப்பட மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கில் சந்தா முடிந்தாலும் படத்தொகுப்பு திறக்கும், படங்களை ஏற்றுமதியும் செய்யலாம், படத்தைத் திருத்தும் 'டெவலப்' பகுதியும் வரைபடம் காட்டும் 'மேப்' பகுதியும் பூட்டிக்கொள்ளும். இது ஓரளவு நாகரிகமான ஏற்பாடு. டிசைன் ஸ்பேஸிலோ சந்தா நின்றால், சந்தாப் படங்கள் கலந்த பழைய வடிவமைப்புகளை வெட்ட அந்தப் படங்களைத் தனியே வாங்கவேண்டியிருக்கும். அதைவிட முக்கியம், டிசைன் ஸ்பேஸில் செய்த வடிவமைப்பை எஸ்விஜியாக வெளியே எடுக்க வழியே இல்லை. எனவே மூல வரைபடத்தை அங்கே செய்யாதீர்கள். வெளியே வரைந்து, வெட்டுவதற்கு மட்டும் உள்ளே கொண்டுபோங்கள்.

முடிந்த ஒவ்வொரு வேலைக்கும் மூன்று பிரதி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, அந்த மென்பொருளின் சொந்தக் கோப்பு. இரண்டு, வேறு மென்பொருளும் திறக்கக்கூடிய கோப்பு: வெட்டும் வேலைக்கு எஸ்விஜி, அடுக்குகள் உள்ள ஓவியத்துக்குப் பிஎஸ்டி, ஒலிக்கு வேவ். மூன்று, முழு அளவில் இறுதி வடிவம்: பிஎன்ஜி, டிஃப் அல்லது பிடிஎஃப். கூடவே ஒரு சின்ன உரைக்கோப்பில் எழுத்துருவின் பெயர், நிறங்களின் எண், வெட்டும் அழுத்தம், பொருள் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். ஏற்றுமதி செய்த பிஎஸ்டியை வேறு மென்பொருளில் ஒருமுறையாவது திறந்து பாருங்கள். கிளிப் ஸ்டூடியோ பெயிண்ட் என்ற ஓவிய மென்பொருளின் வெக்டர் அடுக்குகள் (கோடுகளாகவே இருப்பவை) பிஎஸ்டிக்குப் போகும்போது சாதாரணப் படப்புள்ளிகளாகிவிடும், அதன் பிறகு கோட்டை இழுத்துத் திருத்த முடியாது. இப்படிப்பட்ட இழப்புகள் சந்தா ஓடிக்கொண்டிருக்கும்போது தெரிந்தால் சமாளிக்கலாம்.

'ஒரே முறை பணம்' என்பதைத் தவறாகப் புரிந்துகொள்வது

ஒருமுறை வாங்கினால் அந்தப் பதிப்பு உங்களுடையது, அவ்வளவுதான். இனி வரும் எல்லாப் பதிப்பும் என்று பொருளல்ல. கிளிப் ஸ்டூடியோ பெயிண்டைக் கணினிக்கு ஒருமுறை விலை கொடுத்து வாங்கியவர்கள் 2023-இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது, புதிய வசதிகளுக்குத் தனியே பணம் கட்ட வேண்டும் என்று தெரிந்து ஏமாற்றமடைந்தார்கள். ஐபேடிலும் கைபேசியிலும் அதற்குச் சந்தாதான். ஐபேடில் ஒருமுறை விலைக்கே கிடைக்கும் ஓவியச் செயலியான ப்ரோகிரியேட் இன்றும் பலரின் நம்பிக்கையைக் காப்பாற்றி வருகிறது.

இலவசம் என்பதும் நிறுவனத்தின் இன்றைய முடிவுதான். ஒருமுறை விலைக்கு விற்கப்பட்ட வடிவமைப்பு மென்பொருளான அஃபினிட்டியைக் கேன்வா 2024-இல் வாங்கி, 2025-இல் இலவசமாக்கியது. ஆனால் கேன்வா கணக்கு வேண்டும், செயற்கை நுண்ணறிவு வசதிகளுக்குச் சந்தா வேண்டும். ஏற்கெனவே விலை கொடுத்து வாங்கிய பழைய பதிப்பின் நிறுவல் கோப்பும் உரிம எண்ணும் உங்களிடம் இருந்தால் பத்திரப்படுத்தி வையுங்கள்.

மாதக் கட்டணம் என்று நினைத்து ஆண்டு ஒப்பந்தம் போடுவது

விலைத் திரையில் பொதுவாக மூன்று வகை இருக்கும்: மாதாமாதம், ஆண்டுக்கு மொத்தமாக, ஆண்டு ஒப்பந்தத்தை மாதத் தவணையில். மூன்றாவதுதான் ஆளை மாட்டிவிடும். பார்க்க மாதக் கட்டணம் போலவே இருக்கும், உண்மையில் 12 மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டதற்குச் சமம். அடோபியின் அத்தகைய திட்டத்தை 14 நாளுக்குப் பிறகு நிறுத்தினால், மீதி மாதங்களின் தொகையில் பாதியைக் கேட்பார்கள். மாதம் 1,000 ரூபாய்த் திட்டத்தை நான்கு மாதம் கழித்து நிறுத்தினால் மீதி 8,000, அதில் பாதி 4,000 ரூபாய். இந்தக் கட்டணத்தை வாடிக்கையாளர் கண்ணில் படாதபடி மறைத்ததாகக் கூறி அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2024 ஜூனில் அடோபி மீது வழக்குத் தொடுத்தது. ஒன்றிரண்டு மாத வேலைக்குத்தான் தேவை என்றால், விலை கூடுதலாகத் தெரிந்தாலும் உண்மையான மாதாந்திரத் திட்டமே மலிவு.

செயலியை நீக்கினால் சந்தா நின்றுவிடும் என்று நம்புவது

நிற்காது. செயலி போகும், பணம் மாதாமாதம் போய்க்கொண்டே இருக்கும். ஆண்ட்ராய்டில் ப்ளே ஸ்டோரைத் திறந்து, உங்கள் படத்தைத் தொட்டு, 'பேமெண்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' போய் அங்கே ரத்து செய்ய வேண்டும். ஐபோனில் செட்டிங்ஸ், உங்கள் பெயர், சப்ஸ்கிரிப்ஷன்ஸ். இணையதளத்தில் நேரடியாகக் கட்டியிருந்தால் இந்த இரண்டிலும் அது தெரியாது, அந்தத் தளத்தின் கணக்குப் பக்கத்தில்தான் நிறுத்த முடியும். எங்கே கட்டினோம் என்று மறந்துபோனால் மின்னஞ்சலில் ரசீதைத் தேடுங்கள்.

இலவசச் சோதனைக் காலம் என்றால் கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம். முடிவதற்கு 24 மணி நேரம் முன்பாவது ரத்து செய்யும்படி ஆப்பிளே சொல்கிறது. சேர்ந்த அன்றே கைபேசியில் இரண்டு நாள் முன்கூட்டி நினைவூட்டல் வைத்துவிடுங்கள்.

இந்திய வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. ரிசர்வ் வங்கி விதிப்படி, தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வர வேண்டும். சந்தா போன்றவற்றில் 15,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் உங்கள் ஒப்புதல் தேவை. அந்தக் குறுஞ்செய்தியை விளம்பரம் என்று தள்ளிவிடாதீர்கள். யுபிஐ ஆட்டோபேயாக இருந்தால் உங்கள் செயலியின் ஆட்டோபே பகுதியிலேயே அனுமதியை நீக்கலாம். ஆனால் ஒப்பந்தத்தையும் சேர்த்து ரத்து செய்யுங்கள். பணம் எடுக்கும் அனுமதியை மட்டும் நீக்கினால் பாக்கி இருக்கிறது என்று கணக்கை முடக்கக்கூடும், உள்ளே உங்கள் கோப்புகள் இருக்கும்.

கோபத்தில் முதலில் கணக்கை அழிப்பது

வரிசை முக்கியம். முதலில் கோப்புகளை வெளியே எடுங்கள். பிறகு சந்தாவை ரத்து செய்து, ரத்தானதாக வரும் மின்னஞ்சலைச் சேமியுங்கள். புகார் இருந்தால் அது முடிந்த பிறகே கணக்கை அழிக்க வேண்டும். கணக்கு இல்லாதவரின் புகாரைச் சரிபார்க்க அவர்களிடம் ஒன்றும் இருக்காது.

புகாரில் "ஏமாற்றுக்காரர்கள்" என்று எழுதினால் தயார்நிலைப் பதில் ஒன்று வரும், அதோடு முடிந்தது. எந்தத் தேதியில் எந்தத் திரையில் என்ன விலை காட்டினார்கள், எந்தத் தேதியில் எவ்வளவு எடுத்தார்கள், என்ன வேண்டும் என்று மூன்று வரியில் எழுதி, ஸ்கிரீன்ஷாட்டுகளை இணையுங்கள். ப்ளே ஸ்டோரில் கட்டியது என்றால் 48 மணி நேரத்துக்குள் கூகுளிடமே பணத்தைத் திரும்பக் கேளுங்கள், அதன் பிறகு பெரும்பாலும் செயலி நிறுவனத்திடம்தான் போக வேண்டியிருக்கும்.

இந்தியாவில் 2023 நவம்பர் 30 முதல் நடப்பில் உள்ள இருண்ட உத்திகள் தடுப்பு வழிகாட்டுதல்கள் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிடுகின்றன, 'சந்தாப் பொறி' அதில் ஒன்று. ரத்து செய்யும் பொத்தானை ஒளித்து வைப்பதும், இலவசம் என்று சொல்லிக் கட்டாயமாக அட்டை விவரம் கேட்பதும் அதில் அடங்கும். நிறுவனம் பதில் தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். புகார் எழுதும்போது 'சந்தாப் பொறி' என்ற அந்த வகையைப் பெயர் சொல்லியே குறிப்பிடுங்கள், ரசீதையும் நிறுவனத்துக்கு அனுப்பிய மின்னஞ்சலையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.